கிணற்று நீரில் விமானத்தளத்து நுரை: பதினான்கு மின்னஞ்சலும் ஒரு படிவமும்

கேள்வி: 2019-ல் பென்சில்வேனியாவில் ஹார்ஷம் பக்கம், பழைய வில்லோ குரோவ் கடற்படை விமானத்தளத்துக்கு அருகே வீடு வாங்கினோம். சொந்த போர்வெல் தண்ணீர்தான். 2024 செப்டம்பரில் வந்த பரிசோதனைக் கடிதத்தில், தளத்தின் தீயணைப்பு நுரையில் இருந்த பிஎஃப்ஓஎஸ் என்ற ரசாயனம் லிட்டருக்கு 31 நானோகிராம் என்று இருந்தது. ஃபில்டர் மாட்டிக் கொடுத்தார்கள். ஊர்க் குழாய் இணைப்பு தருகிறோம் என்கிறார்கள். வீட்டை விற்றவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோவையிலிருந்து வந்து தங்கும் அம்மாவுக்குத் தைராய்டு மாத்திரை அளவு கூடிவிட்டது. கடற்படைக்கு 14 மின்னஞ்சல் அனுப்பினேன், உருப்படியான பதில் இல்லை. தளத்து மண்ணை முழுதாகத் தோண்டி அகற்றச் சொல்லி வழக்குப் போட்டு, நஷ்டஈடும் வாங்க முடியுமா?

பதில்: நான்கு பக்கக் கடிதத்தில் எனக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு தேதி. தண்ணீர் கெட்டிருக்கிறது, அதற்குத் தளம்தான் காரணம் என்று உங்களுக்கு எப்போது தெரிந்தது, அல்லது தெரிந்திருக்க வேண்டும்?

விற்றவர் மீதான கோபத்தை விடுங்கள். பென்சில்வேனியாவில் அந்த வழக்குக்குப் பத்திரம் முடிந்த நாளிலிருந்து இரண்டு வருடம்தான், 2021-லேயே போய்விட்டது. அம்மா விஷயமும் நிற்காது. கோவையில் இருக்கும்போதே மாத்திரை சாப்பிட்டு வந்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

மண்ணைத் தோண்டுவதும் இப்போதைக்கு நடக்காது. தளம் 1995 முதல் சூப்பர்ஃபண்ட் பட்டியலில், அதாவது நச்சுக் கழிவு இடங்களைச் சுத்தம் செய்யும் ஃபெடரல் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. பட்டியலில் உள்ள இடத்தில் வேலை நடக்கும்போது, 'இப்படிச் சுத்தம் செய்யாதே, அப்படிச் செய்' என்று யார் கேட்டாலும் ஃபெடரல் கோர்ட் காது கொடுக்காது. அந்தச் சட்டத்தின் 113(எச்) பிரிவு கதவை அடைத்து வைத்திருக்கிறது. இதே தளத்தைச் சுற்றியிருந்த குடும்பங்களின் வழக்கில் 2018-ல் மூன்றாம் சர்க்யூட் அப்பீல் கோர்ட், அரசு உடல்நல ஆய்வு நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை அந்தப் பிரிவைக் காட்டியே தள்ளியது. மருத்துவக் கண்காணிப்புச் செலவுக்கு மட்டும் அந்தத் தடை பொருந்தாது என்றது. மண்ணில் ஊறிய ரசாயனம் ஒவ்வொரு மழைக்கும் நிலத்தடி நீருக்கு இறங்கிக்கொண்டே இருக்கும் என்பது உண்மைதான். அதைச் சொல்ல வேண்டிய இடம் சுத்திகரிப்புத் திட்டத்துக்கான கருத்துக் கேட்புக் கூட்டம்.

மிஞ்சுவது பணம். அரசாங்கத்திடம் நஷ்டஈடு கேட்க ஃபெடரல் டார்ட் கிளெய்ம்ஸ் சட்டத்தின்படி, விவரம் தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் எழுத்து மூலம் கோரிக்கை போய்ச் சேர வேண்டும். உங்கள் 14 மின்னஞ்சல்களில் ஒன்றுகூட அந்தக் கோரிக்கை ஆகாது. கண்ணீரும் கோபமும் இருக்கிறது, ஒரு தொகை இல்லை. எஸ்எஃப்-95 என்று ஒரு படிவம், மொத்தம் இரண்டு பக்கம். அதில் தொகைக் கட்டத்தில் டாலரில் ஓர் எண் இருந்தே ஆக வேண்டும். 'பின்னர் தெரிவிக்கப்படும்' என்று எழுதி அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். குறைத்து எழுதுவதும் ஆபத்து. புதிய ஆதாரம் கிடைத்தாலொழிய, பிறகு கோர்ட்டில் அந்த எண்ணுக்கு மேல் கேட்க முடியாது.

இப்போது தேதிக்கு வருகிறேன். நீங்கள் 2024 செப்டம்பர் கடிதத்திலிருந்து எண்ணுகிறீர்கள். அரசு வக்கீல் அங்கிருந்து எண்ண மாட்டார். ஹார்ஷமில் ஊர்க் கிணறுகளை 2014-லேயே மூடினார்கள், பத்திரிகையெல்லாம் எழுதியது. அதற்கு ஐந்து வருடம் கழித்துத்தான் நீங்கள் வீடு வாங்கினீர்கள். அது போதாதென்று ஒரு ஸ்கிரீன்ஷாட் வேறு இணைத்திருக்கிறீர்கள். 2023 மார்ச்சில் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் நீங்கள் போட்ட செய்தி: 'பேஸ் தண்ணி மேட்டர் நம்ம போர்வெல்லையும் தொட்டிருக்குமோ? யாராவது டெஸ்ட் பண்ணீங்களா?' விற்றவரைத் திட்டுவதற்காக அதை அனுப்பியிருக்கிறீர்கள். எதிர்த்தரப்புக்கு அதுதான் முதல் ஆவணம். சந்தேகம் வந்தவர் அன்றே பரிசோதித்திருக்கலாமே என்பார்கள். அந்த வாதம் எடுபட்டால் கெடு 2025 மார்ச்சில் முடிந்துவிட்டது. இந்தக் கெடுவைத் தகுந்த காரணத்துக்கு நீட்டலாம் என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பிஸியாக இருந்தேன் என்பது அந்தக் காரணத்தில் சேராது.

ஆகவே 2026 செப்டம்பர் வரை நாள் இருக்கிறது என்று உட்கார வேண்டாம். இந்த வாரமே அனுப்புங்கள். தபாலில் போட்ட தேதி கணக்கில்லை, அவர்கள் கையில் கிடைத்த தேதிதான். கடற்படைத் தளம் 2011-ல் மூடப்பட்டாலும் பக்கத்தில் ஏர் கார்டு (விமானப்படையின் ரிசர்வ் பிரிவு) நிலையம் இருக்கிறது, அங்கும் நுரை பயன்படுத்தியிருக்கிறார்கள். ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். கடற்படைக்கு ஒன்று, விமானப்படைக்கு ஒன்று, இரண்டுக்கும் கையெழுத்துடன் ரசீது.

இன்னொரு குழி: 'நாங்கள்தான் 3எம் மேல் கேஸில் சேர்ந்துவிட்டோமே.' நுரை தயாரித்த கம்பெனிகள் மீதான வழக்குகள் தெற்கு கரோலினா சார்லஸ்டனில், நீதிபதி கெர்கெல் முன் குவிந்திருக்கின்றன. அங்கே பெயர் கொடுத்தாலும் அரசாங்கத்தின் மீதான கெடு ஓடிக்கொண்டேதான் இருக்கும். 3எம் ஒப்புக்கொண்ட 1,030 கோடி டாலரும் பொதுக் குடிநீர் அமைப்புகளுக்குத்தான். தனி போர்வெல்காரருக்கு அதில் சல்லிக்காசு கிடையாது.

அரசின் மறுப்புக் கடிதம் பதிவுத் தபாலில் வந்தால், அனுப்பிய நாளிலிருந்து ஆறு மாதத்தில் வழக்குப் போட வேண்டும். கடிதம் பழைய விலாசத்துக்குப் போய் ஆறு மாதம் ஓடிப்போன கட்சிக்காரர் எனக்கு உண்டு. அவர் வீடு மாறினார், படிவத்தில் விலாசம் மாறவில்லை.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்தாலும் ஜெயிப்பீர்கள் என்று சொல்ல மாட்டேன். நுரையை எங்கே, எப்படிப் பயன்படுத்துவது என்பது அதிகாரிகளின் விருப்புரிமை, அதற்கு அரசு பொறுப்பல்ல என்று ஒரு விதிவிலக்கு இருக்கிறது. வட கரோலினாவில் கேம்ப் லெஜூன் ராணுவ முகாமில் விஷநீர் குடித்தவர்களின் வழக்குகளே 2016-ல் அதில் விழுந்தன. 2022-ல் காங்கிரஸ் அவர்களுக்கென்று தனிச் சட்டம் போட்ட பிறகுதான் வழி பிறந்தது. உங்களுக்கு அப்படிச் சட்டம் இல்லை. ஜூரியும் கிடையாது.

அதனால் வெளிப்படையாகச் சொல்கிறேன்: குழாய் இணைப்பை வாங்கிக்கொள்ளுங்கள். ராணுவம் மண்ணைத் தோண்டாதவரை இணைப்பே வேண்டாம் என்று நீங்கள் பிடிக்கும் வீம்பு, வீட்டின் விலையைத்தான் குறைக்கும். நாளை விற்கும்போது இதை வாங்குபவரிடம் எழுத்தில் சொல்ல வேண்டிய முறை உங்களுடையது. அப்போது 'ஊர்க் குழாய் இருக்கிறது' என்று சேர்த்துச் சொல்ல முடிந்தால் பாதி பிரச்சனை இல்லை. கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். 'எல்லாக் கோரிக்கைகளையும் கைவிடுகிறேன்' என்ற வரி இருந்தால் அடித்துவிட்டுத் திருப்பி அனுப்புங்கள். உள்ளே வர அனுமதி, கிணற்றை மூட அனுமதி, இவை இருக்கலாம். வீட்டின் மதிப்புக் குறைவுக்கு ஏதாவது தொகை சொன்னால் பேரம் பேசி முடியுங்கள். பத்து வருடம் கோர்ட்டுக்கு நடப்பதைவிட அது மேல்.

ஃபில்டருக்கு முன் வாங்கிய கேன் தண்ணீர், தனியார் லேப் பில் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். 2024 ஜூலை முதல் பிஎஃப்ஓஎஸ் சூப்பர்ஃபண்ட் சட்டப்படி அபாயப் பொருள். கைச்செலவைத் திருப்பிக் கேட்க அது தனி வழி, ஆனால் உடல்நலத்துக்கு அதில் இடமில்லை.

வாட்ஸ்அப் குரூப்பில் இதைப் பற்றி இனி ஒரு வரி எழுதாதீர்கள். எழுதியதை அழிக்கவும் செய்யாதீர்கள், அழித்தால் அந்தச் செய்தியைவிட அழித்ததுதான் கேஸில் பெரிதாகப் பேசப்படும்.