நீலவால் பகல் பல்லி: கேள்வி பதில்

மொரீசியஸ் தீவின் நீலவால் பகல் பல்லி (பெல்சுமா செபெடியானா) பற்றிப் பலர் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

கேள்வி: பல்லி ராத்திரியில்தானே சுற்றும்?

பதில்: இது வெயில் பிராணி. ராத்திரிப் பல்லிகளின் கண்மணி கீற்றாகச் சுருங்கும். இதற்கு வட்டமாகவே இருக்கும். ஆணுக்கு நீலப்பச்சை உடம்பு, முதுகில் சிவப்புப் புள்ளிகள், நல்ல நீல வால். பெண் சற்றுச் சிறியது, பச்சை தூக்கலாக இருக்கும். குளிர்ந்தாலோ மிரண்டாலோ நிறம் கருத்துவிடும்.

கேள்வி: பூச்சி தவிர வேறென்ன தின்னும்?

பதில்: தேன்! இதைத்தான் நிறையச் சொல்ல வேண்டும். டிரோகெடியா பிளாக்பர்னியானா என்றொரு புதர் மொரீசியஸில் மட்டுமே உண்டு. அதன் பூ மணிபோலத் தொங்கும், உள்ளே மஞ்சள் தேன். பல்லி தலையை நுழைத்து நக்கும்போது மகரந்தம் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகிறது. ரூசியா சிம்ப்ளெக்ஸ் இன்னும் பெரிய ஆச்சரியம். அதுவும் அந்தத் தீவுக்கே உரிய கொடி. அதற்கு மகரந்தம் சேர்ப்பது, விதை பரப்புவது இரண்டுமே இந்தப் பல்லிதான். பழத்தில் கசியும் கூழை நக்கினால் பொடி விதைகளும் வயிற்றுக்குள் போய், எச்சத்தோடு வேறிடத்தில் விழும்.

கேள்வி: காட்டில் எங்கே தேடினால் கிடைக்கும்?

பதில்: தாழம் புதரில். மொரீசியஸ் வல்லூறு இதை விரும்பிப் பிடிக்கும்; முள் மடல்களின் இடுக்கில் புகுந்துகொண்டால் தப்பித்தது. அதனால் தாழையை விட்டு அதிக தூரம் போகாது. 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், தாழைக்குப் பக்கத்தில் நின்ற டிரோகெடியாவுக்குப் பல்லி அதிகம் வந்தது, காயும் அதிகம் பிடித்தது தெரிந்தது. அரிய செடியை மட்டும் வேலி போட்டுக் காத்துவிட்டுத் தாழையை வெட்டினால் என்ன பயன்?

கேள்வி: இப்போது இதற்கு ஆபத்து உண்டா?

பதில்: தோட்டங்களில், வாழையில், பனை வகை மரங்களில் இன்னும் பார்க்கலாம். ஆனால் மடகாஸ்கரிலிருந்து கொண்டுவரப்பட்ட பெரிய பகல் பல்லி பரவும் இடங்களில் உள்ளூர்ப் பல்லிகள் காணாமல் போகின்றன. அப்புறம் வெள்ளைக்கால் எறும்பு. அதுவும் வெளியிலிருந்து வந்ததுதான். ரூசியா பூவில் மாவுப்பூச்சிகளைக் காவல் காத்துக்கொண்டு, பல்லியை அண்ட விடாது. பல்லி வராத பூ காய்க்காது.

கேள்வி: வீட்டில் வளர்க்கலாமா?

பதில்: வேண்டாம். கையால் பிடித்தாலே தோல் கிழியும். பெல்சுமா பேரினம் முழுவதும் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும்) ஒப்பந்தப் பட்டியலில் இருப்பதால் அனுமதியின்றி நாடு விட்டு நாடு கொண்டுபோவதும் குற்றம்.