மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கும் வீட்டு வண்டி) மைலேஜ்: கேள்வி-பதில்

கேள்வி: டீசல் குழாயில் காந்தம் மாட்டினால் 15 சதவீதம் மிச்சமாகும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். நான் வாங்கியது இப்போது ஃபிரிட்ஜ் கதவில் மளிகைச் சீட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கேள்வி: கூரையின் பின்விளிம்பில் ஒட்டும் சின்னத் துடுப்புகள் வாங்கி ஒட்டினேன். மைலேஜ் ஏறவே இல்லை. கூரையில் ஏசி, சாமான் பெட்டி உண்டு. 110 கிலோமீட்டர் வேகத்தில்தான் போவேன்.

பதில்: ஒட்டிய பிறகா கேட்பது? காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 110-ஐ 90 ஆக்குங்கள், அந்த எதிர்ப்பில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். டீசல் செலவு அந்த அளவுக்கே குறையாது, ஆனாலும் நன்றாகத் தெரியும். காசு செலவில்லாத இந்த வழியை எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டார், விற்க அதில் ஒன்றுமில்லையே! அடுத்து அந்தச் சாமான் பெட்டி. காலியாக இருந்தாலும் அது காற்றை முட்டிக்கொண்டேதான் போகும். அது தேவைப்படாத பயணத்தில் கழற்றி வையுங்கள். சைக்கிளைக் கூரையில் ஏற்றாமல் வண்டிக்குப் பின்னால் மாட்டுங்கள். செங்குத்தாக வெட்டியது போன்ற பின்பக்கத்தில் காற்று சுழன்று வண்டியைப் பின்னுக்கு இழுக்கிறது. விரல் நீளத் துடுப்பு அதை என்ன செய்துவிடும்? சில லாரிகளில் இருப்பதுபோல் பின்னால் நீண்டு குறுகும் வால் வைத்தால் பலன் உண்டு. அதை வைத்துக்கொண்டு எங்கே பார்க் செய்வீர்கள்? இனி யாராவது சதவீதம் சொன்னால், ஒரே சாலையில் போக வர ஓட்டி, டேங்க் நிரப்பி அளந்த கணக்கைக் கேளுங்கள்.

கேள்வி: 120 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டுதான் கிளம்புவோம். பாதிக்குமா?

பதில்: அது 120 கிலோ. சமதளத்தில் சீராகப் போனால் பெரிதாகத் தெரியாது, மேட்டிலும் நின்று நின்று போகும்போதும் தெரியும். போகிற இடத்தில் குழாய் இருந்தால் கால் தொட்டி போதும்.

கேள்வி: என் வண்டிக்கு அனுமதித்த மொத்த எடை 3,500 கிலோ. இரண்டாவது பேட்டரி, பக்கப் பந்தல், சைக்கிள் தாங்கி எல்லாம் விற்றவரே பொருத்தினார். சாமான் ஏற்றும் முன்பே எடைமேடையில் 3,420 காட்டுகிறது.

பதில்: மனசு கேட்கவில்லை. மீதி 80 கிலோவில் யாரை ஏற்றுவது, எதை ஏற்றுவது? விளம்பரத் தாளில் உள்ள எடையில் இந்தக் கூடுதல் பொருள்கள் பெரும்பாலும் சேராது, விற்றவருக்கு அது தெரியாமல் இருக்காது. முன், பின் அச்சுகளைத் தனித்தனியே எடை போட்டுச் சீட்டு வாங்குங்கள். பில்லோடு சேர்த்து எழுத்து மூலம் அனுப்பி, கழற்றித் தரவோ பணத்தைத் திருப்பவோ கேளுங்கள். போனில் பேசித் தீர்க்கலாம் என்பார், சம்மதிக்காதீர்கள்.

கேள்வி: குலுங்காமல் இருக்க டயரில் காற்றைக் குறைத்து வைத்திருக்கிறேன். சரிதானே?

பதில்: இல்லை. டீசல் கூடும், டயர் சூடேறி வெடிக்கலாம். இன்றே நிரப்புங்கள்.