விளையாட்டரங்கம் – வாசகர் கேள்வி பதில்: றக்மன் தளர்ந்தால் எதைப் பார்ப்பது?

கேள்வி: ஐயா, என் தங்கையின் மகன் மெல்பேணில் பிறந்து வளர்ந்தவன். வயது 22, உயரம் 203 சென்ரிமீற்றர். அங்கே ஒரு புறநகர்க் கழகத்தின் அவுஸ்திரேலிய உதைபந்தாட்ட அணியில் றக்மனாக ஆடுகிறான். கடந்த பருவத்தில் எல்லோராலும் பாராட்டப்பட்டவனை, இந்தப் பருவத்தில் ஏழு ஆட்டங்கள் முடிந்ததும் இரண்டாம் அணிக்கு இறக்கிவிட்டார்கள். ஆனால் அந்த ஏழு ஆட்டங்களிலும் பந்தைத் தட்டிய கணக்கில் எதிராளியைவிட அவனே முன்னுக்கு நிற்கிறான். பயிற்றுநர் ஓரவஞ்சனை செய்கிறார் என்று தகப்பன் கோபப்படுகிறார். பிள்ளை சோர்ந்துபோனான் என்று தங்கை இரவிரவாக அழைத்து அழுகிறாள். ஆட்டங்களின் காணொளிகளை எனக்கும் அனுப்புகிறார்கள். நானும் கைத்தொலைபேசியில் பார்க்கிறேன், ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்பது எனக்குப் பிடிபடவில்லை. ஒரு றக்மனின் ஆட்டம் உண்மையிலேயே இறங்கிவிட்டதா என்பதை எப்படி அறிவது? – வாசகர் ஒருவர், மானிப்பாய்.

பதில்: தட்டிய கணக்கை முதலில் ஒரு பக்கம் வையுங்கள். உங்கள் வீட்டில் நடக்கும் வாக்குவாதம் முழுவதும் அந்த ஓர் எண்ணைச் சுற்றியே நடக்கிறது என்று நினைக்கிறேன். மருமகனின் ஆட்டத்தைப் பற்றி அந்த எண் சொல்வது மிகக் கொஞ்சம்.

இந்த விளையாட்டை அறியாத வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். அணிக்குப் பதினெட்டுப் பேர் நீள்வட்ட மைதானத்தில் ஆடும் இந்த ஆட்டத்தில், ஒவ்வொரு காற்பகுதியின் தொடக்கத்திலும் ஒவ்வொரு கோலுக்குப் பின்னரும் பந்து மைதானத்தின் நடுவில் மேலே எழுப்பப்படும். பந்து ஆட்களுக்கிடையில் சிக்கிக்கொண்டால் மத்தியஸ்தர் அந்த இடத்திலேயே அதை மேலே எறிவார். எல்லைக்கோட்டைத் தாண்டினால் பல வேளைகளில் எல்லை மத்தியஸ்தர் மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்று தலைக்கு மேலால் உள்ளே எறிவார். இம்மூன்று வேளைகளிலும் இரு அணிகளிலிருந்தும் நெடியவர் ஒவ்வொருவர் பாய்ந்து, பந்தைத் தன் அணியின் ஓட்டக்காரர் ஒருவருக்குத் தட்டிவிட முயல்வார். அவரே றக்மன். பந்து மேலே நிற்கும்போது அதைத் தட்டிவிட்டவரின் பெயருக்கு ஒரு தட்டு எழுதப்படும். தட்டிய பந்து யாருடைய கையில் போய் விழுந்தது என்பதை அந்தக் கணக்கு கவனிப்பதில்லை.

ஆவரங்கால், புத்தூர்ப் பக்கத்தில் கரப்பந்தாட்டம் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர் எத்தனை பந்து தூக்கினார் என்று அங்கே ஒருவரும் எண்ணுவதில்லை. வலையிலிருந்து எவ்வளவு தள்ளி, எவ்வளவு உயரத்தில், அடிப்பவரின் ஓட்டத்துக்கு முன்னாலா பின்னாலா கொடுத்தார் என்பதைத்தான் வேலியோரம் நிற்கும் கிழவர்கூடக் கவனிப்பார். றக்மனும் அப்படித் தூக்கிக் கொடுப்பவரே. கரப்பந்தாட்டத்தில் எதிரணி வலைக்கு அப்பால் நிற்கும். இங்கோ எதிரணியின் ஓட்டக்காரர் பக்கத்திலேயே நின்று, நம் றக்மனின் கை எந்தத் திசைக்குத் திரும்பும் என்று முன்கூட்டியே படித்து, விழும் பந்தைக் கொத்திக்கொண்டு போய்விடுவார். முப்பது தட்டுத் தட்டி, அதில் பாதி எதிராளிக்குப் போனால், அந்த றக்மன் எதிரணிக்கே உதவி செய்திருக்கிறார். இந்த விளையாட்டின் முதன்மைப் போட்டித்தொடரான ஏ.எஃப்.எல். ஆட்டங்களுக்குத் தரவு திரட்டும் சம்பியன் டேற்றா நிறுவனம், தன் அணியினருக்குப் பயன்தந்த தட்டுகளைத் தனியாக எண்ணுவது இதற்காகத்தான்.

ஆகவே ஒரு கொப்பித் தாளை எடுத்துக்கொண்டு காணொளியை மறுபடி பாருங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் பின்னர் படத்தை நிறுத்தி, பந்தை முதலில் கையில் எடுத்தவர் யார் என்று மட்டும் குறியுங்கள். அதை ஒரே கூட்டாக எழுதாமல் நடுவட்டம், மைதானத்தின் இடையில் எறிதல், எல்லையிலிருந்து எறிதல் என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். இந்தப் பிரிப்பு மிக முக்கியமானது, ஏனென்றால் மூன்றும் உடலிடம் மூன்று வேறு வேலைகளைக் கேட்கின்றன. நடுவட்டத்தில் இருவரும் எதிரெதிராக ஓடிவந்து ஒற்றைக்காலில் ஊன்றி எழும்புவது காலங்காலமான முறை. அங்கே வேகமும் பாய்ச்சலும் வெல்லும். எல்லையிலிருந்து எறியும்போது ஓட இடமில்லை. இடுப்பாலும் தோளாலும் எதிராளியைத் தடுத்து, பந்து விழும் இடத்தை முதலில் பிடிப்பவர் வெல்வார். கடந்த பருவத்தில் மூன்றிலும் நன்றாக ஆடியவர் இப்போது நடுவட்டத்தில் மாத்திரம் தோற்கிறார் என்றால் நான் முதலில் சந்தேகிப்பது முழங்காலை. எல்லையோரத்தில் மாத்திரம் தோற்கிறார் என்றால் தோளில் ஏதும் நோவு உண்டா, குளிர்காலத்துக்கு முன் உடலை வலுப்படுத்தும் பயிற்சியைத் தவறவிட்டாரா என்று கேட்பேன். மூன்றிலும் ஒரே அளவாகத் தோற்றால் மாத்திரமே மனச்சோர்வு, தன்னம்பிக்கை என்ற பேச்சுக்குப் போவேன். நம்மவர்கள் பெரும்பாலும் தொடங்குவதே அந்தப் பேச்சில்தான்.

முழங்காலைப் பற்றிச் சொல்லக் காரணம் உண்டு. எதிரெதிராகப் பாய்கிற இரண்டு நெடியவர்களின் முழங்கால்கள் மோதி, மூட்டின் பின்புறச் சிலுவைத் தசைநார் கிழிவது றக்மன்களுக்கு நேரும் பழைய காயம். அது மிகுந்துபோனதால், ஓடிவரும் தூரத்தைக் குறைக்கவென்று 2005இல் நடுவில் 10 மீற்றர் விட்டமுள்ள வெளிவட்டம் ஒன்றை ஏ.எஃப்.எல். கீறியது.

மெல்பேணில் மகளுடன் தங்கியிருந்த ஒரு குளிர்காலத்தில், சனிக்கிழமை காலை ஒரு புறநகர் மைதானத்தின் வேலியோரம் நின்று ஆட்டம் பார்த்தேன். உள்ளூர் அணியின் றக்மன் ஒவ்வொரு தடவை பந்தைத் தட்டும்போதும் பெற்றோர் கைதட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற முதியவர் ஒருவர் மாத்திரம் கைதட்டாமல், ஈரத்தில் சுருண்ட ஒரு துண்டுக் காகிதத்தில் பென்சிலால் சிறு கோடுகள் போட்டுக்கொண்டிருந்தார். என்ன எண்ணுகிறீர்கள் என்று கேட்டேன். அந்தப் பையன் எந்தக் காலில் ஊன்றி எழும்புகிறான் என்பதை எண்ணுவதாகச் சொன்னார். முந்தைய ஆண்டு இடக்காலில் ஊன்றி வலமுழங்காலை எதிராளியின் நெஞ்சளவுக்குத் தூக்கியவன், அன்று கால் மாற்றி எழும்பிக்கொண்டிருந்தான். மூன்றாம் காற்பகுதியிலோ எழும்பவேயில்லை, நிலத்தில் நின்றபடியே கையை மட்டும் நீட்டினான். ஆட்டம் முடிந்ததும் முதியவர் அவனைத் தனியே அழைத்துக் கேட்டபோது, மாடிப்படி இறங்கும்போது வலமுழங்கால் நோகிறது என்று தலையைக் குனிந்துகொண்டு ஒத்துக்கொண்டான். தாயாருக்குக்கூட அவன் அதைச் சொல்லியிருக்கவில்லை. உங்கள் மருமகன் எந்தக் காலில் எழும்புகிறார் என்பதைக் கடந்த ஆண்டுக் காணொளியுடன் ஒப்பிட்டுப் பாருங்கள் என்று நான் வற்புறுத்துவது இந்த நினைவினால்தான்.

தட்டுவது றக்மனின் வேலையில் ஒரு பங்கு மட்டுமே. தட்டிய பின் வரும் நாலைந்து விநாடிகளில் அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள்: கைகளைத் தொங்கவிட்டு நின்று வேடிக்கை பார்க்கிறாரா, அல்லது பந்து நழுவினால் எடுக்கவும் எதிராளியைக் கட்டிப்பிடித்து விழுத்தவும் உடனே குனிகிறாரா? அவருடைய அணியின் பின்வரிசையினர் நெருக்கடியில் எல்லையோரமாக உயர உதைக்கும் பந்தை, மூன்று பேருக்கு நடுவில் எழும்பித் தலைக்குமேல் பிடிக்கிறாரா? பிடிக்க முடியாவிட்டாலும், எதிராளி பிடிக்காதபடி அதை நிலத்துக்காவது கொண்டுவருகிறாரா? கடைசிக் காற்பகுதியில், அடுத்த தட்டுக்கு உரிய இடத்துக்கு எதிராளிக்கு முன்னர் வந்து சேர்கிறாரா, மூச்சிரைக்கப் பின்னால் வருகிறாரா? பயிற்றுநர்கள் ஒரு றக்மனை இறக்குவது பெரும்பாலும் இந்த இடங்களில் கண்ட குறைக்காகவே. உங்கள் மைத்துனரின் கண்ணுக்கு அது ஓரவஞ்சனையாகத் தோன்றுவதற்குக் காரணம், இவை எதுவும் தட்டுக் கணக்கில் ஏறுவதில்லை என்பதே.

அடுத்தது, அவரைச் சுற்றியுள்ளவர்கள். கடந்த ஆண்டு அவருடைய தட்டுக்கு ஓடிவந்த ஓட்டக்காரர்கள் இந்த ஆண்டும் இருக்கிறார்களா? புதியவர்கள் வந்திருந்தால், அவர் பழக்கத்தில் தட்டுகிற இடத்தில் இப்போது ஆள் நிற்கமாட்டார். அப்படியானால் அவரும் புதிய ஓட்டக்காரர்களும் செவ்வாய், வியாழன் பயிற்சிகளில் சேர்ந்து நின்று அடையாளம் பேசிப் பழகினாலே பாதி சரியாகிவிடும். அவரோடு இன்னொரு றக்மனையும் சேர்த்து ஆடவைக்கிறார்களா என்பதையும் கேளுங்கள். புரோடி கிறண்டியின் கதை இதற்கு நல்ல சான்று. கொலிங்வூட் அணியில் முதன்மை றக்மனாக ஆடி 2018, 2019 ஆகிய இரு ஆண்டுகளிலும், பருவத்தின் சிறந்தவர்களைத் தெரிந்து அறிவிக்கும் அகில அவுஸ்திரேலிய அணிக்குத் தெரிவானவருக்கு, 2023இல் மெல்பேண் அணிக்குப் போய், அங்கே ஏற்கெனவே றக்மனாக இருந்த மக்ஸ் கோனுடன் அந்த இடத்தைப் பங்கிட வேண்டி வந்தது. முன்வரிசையில் நின்று காத்திருக்கும் வேலை அவருக்கு ஒத்துவரவில்லை. இரண்டாம் தர அணிக்கு இறக்கப்பட்டார். அவர் முடிந்துபோனார் என்று பலரும் பேசினார்கள். 2024இல் சிட்னி அணி அவரைத் தனி றக்மனாக நிறுத்தியது. அந்த ஆண்டின் இறுதியாட்டத்தில் அவர்தான் ஆடினார்.

வயதையும் சொல்ல வேண்டும். சிறிய ஓட்டக்காரன் இருபது வயதில் மலர்ந்துவிடுவான். இரண்டு மீற்றர் உடம்பு பலம் சேர்த்து, தன் கை கால்களைத் தானே ஆளப் பழகுவதற்கு இன்னும் சில ஆண்டுகள் எடுக்கும். மேலே சொன்ன மக்ஸ் கோன் இரண்டு தடவை முழங்கால் சத்திரசிகிச்சைக்கு ஆளானவர். அகில அவுஸ்திரேலிய அணிக்கு முதன்முதலில் தெரிவானது 2016இல், 24 வயதில். அவர் தலைமையில்தான் மெல்பேண் அணி 1964க்குப் பின் முதற்றடவையாக 2021இல் கிண்ணத்தை வென்றது. அயர்லாந்திலிருந்து வந்த றக்மன் ஜிம் ஸ்ரைன்ஸ், 1987 அரையிறுதிக்கு அடுத்த தகுதியாட்டத்தில் செய்த ஒரு தவறு, எதிராளி கோலுக்கு 15 மீற்றர் கிட்ட வர இடங்கொடுக்க, கடைசி மணிக்குப் பின் உதைத்த பந்தில் அவருடைய அணி தோற்றது. நான்கு ஆண்டுகளின் பின், 1991இல், அவரே பருவத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிறவுண்லோ பதக்கத்தை வென்றார்.

தங்கையிடம் நீங்கள் சொல்லக்கூடியது இதுதான்: இரண்டாம் அணியில் ஆடும் நான்கைந்து வாரங்களில் அவனுக்கு மைதானத்தில் நிற்கும் நேரம் கூடும், தவறு செய்து திருத்த இடம் கிடைக்கும், அதற்கு முன்னர் முழங்காலையும் தோளையும் ஒரு வைத்தியரிடம் காட்டட்டும். மைத்துனர் பயிற்றுநரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். எந்த வகைத் தட்டில், எந்தக் காற்பகுதியில் குறை கண்டீர்கள் என்று மருமகனே நேரில் கேட்கட்டும். அந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் சொல்ல முடியாத பயிற்றுநர் என்றால், மைத்துனரின் கோபத்தில் நியாயம் உண்டு என்று நானும் ஒப்புக்கொள்வேன்.

கேள்வி: இரண்டு நெடியவர்கள் பாயும்போது மூன்றாவது ஆள் ஒருவர் ஓடிவந்து தட்டினால் என்ன? பழைய காணொளி ஒன்றில் அப்படிக் கண்டேன். – வாசகி ஒருவர், நெல்லியடி.

பதில்: நீங்கள் கண்டது 2017க்கு முந்தைய ஆட்டமாக இருக்கும். அந்த ஆண்டிலிருந்து ஏ.எஃப்.எல்.இல் ஒவ்வொரு தட்டுக்கும் அணிக்கு ஒருவரே போட்டியிடலாம். மூன்றாமவர் புகுந்தால் எதிரணிக்குத் தனியுதை கிடைக்கும். இந்த மாற்றம் உண்மையான றக்மன்களுக்கு நன்மையே செய்தது.

கேள்வி: எங்கள் ஈவினையின் தர்ஜினி சிவலிங்கத்தைப் போல உயரமானவர்கள் எல்லோரும் றக்மனாக ஆடலாம்தானே? – மாணவி ஒருவர், புன்னாலைக்கட்டுவன்.

பதில்: உங்கள் பெருமிதம் எனக்கும் உண்டு, மகள். 208 சென்ரிமீற்றர் உயரமுள்ள தர்ஜினி, வலைப்பந்தாட்டத்தில் அவுஸ்திரேலியாவின் கழக அணிக்கும் ஆடியவர், ஏ.எஃப்.எல். றக்மன்களிலும் அவரைவிட உயர்ந்தவர்கள் மிகச் சிலரே. ஆனால் அவருடைய ஆட்டத்தைக் காணொளியில் பாருங்கள்: பந்து வருமுன்னரே எதிராளியை முதுகால் தடுத்து இடம் பிடித்துக்கொள்கிறார், ஒற்றைக்கையை நீட்டிப் பிடிக்கிறார், பிடித்த பந்தைக் கீழே இறக்குவதேயில்லை. றக்மனுக்கு வேண்டியதும் அந்தக் கைப்பழக்கமும் கால்நிலையும்தான். உயரம் அவற்றுக்குத் துணை.

உயரத்தில் மிஞ்சாத ஒருவரே அந்த இடத்தின் ஆட்டத்தை மாற்றியமைத்தார் என்பதையும் சொல்கிறேன். பேர்த்திலிருந்து 1962இல் ஜீலோங் அணிக்கு வந்த கிரஹாம் ஃபார்மர் 191 சென்ரிமீற்றர்தான். இன்றைய றக்மன்களின் கண்மட்டத்துக்கே நிற்பார். முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் காயப்பட்டு அந்தப் பருவத்தின் பெரும்பகுதியை இழந்தார். பந்தை ஒரு கையில் ஏந்தி மற்றக் கையின் முட்டியால் குத்திக் கொடுப்பதை, அவசரத்துக்குச் செய்யும் வேலை என்றே அதுவரை பலரும் எண்ணியிருந்தார்கள். அவரோ நிறுத்திவைத்த கார்களின் திறந்த கண்ணாடி வழியே பந்தைக் குத்திச் செலுத்திப் பயிற்சி செய்து, பந்தைப் பிடித்த மறுகணமே தூரத்தில் ஓடும் தோழனின் கைக்கு அதை அனுப்பும் வித்தையைப் பழகினார். 1963இல் ஜீலோங் கிண்ணத்தை வென்றபோது அந்த அணியின் றக்மன் அவர்தான்.