23ஆம் நாள் சிகரெட்

வணக்கம் அண்ணா,

நான் திருகோணமலை பஸ் நிலையத்தடியில் ஓட்டோ ஓடுகிறேன். வயது 36. பதினாறு வருசமாகப் புகைக்கிறேன், ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு. நான்கு தரம் விட்டுப் பார்த்தேன். மூன்று தரம் மூன்றாம் நாளைத் தாண்டவில்லை. கடைசித் தரம் 23 நாள் இருந்துவிட்டு, தம்பலகாமத்தில் ஒரு செத்த வீட்டில் திரும்பத் தொடங்கிவிட்டேன். எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்று மனைவி சொல்கிறா. ஒரேயடியாக விடுவதா, குறைத்துக் குறைத்து விடுவதா? நீங்களும் விட்டவர் என்பதால் கேட்கிறேன்.

உப்புவெளியிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

விடியப்புறமே எழும்பி ஸ்டாண்டில் வந்து நிற்கிற ஆளுக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்றால் நான் நம்பமாட்டேன். அதை விடுங்கள். மூன்று தரம் நீங்கள் விழுந்தது மூன்று நாளுக்குள், ஒரு தரம் விழுந்தது 23ஆம் நாள், இதுதான் உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது. இரண்டும் ஒரே சறுக்கல் இல்லை.

முதல் மூன்று தரமும் உங்களை விழுத்தியது நிக்கோட்டின். இரத்தத்தில் இருக்கிற நிக்கோட்டின் சுமார் இரண்டு மணித்தியாலத்தில் பாதியாகிவிடும், அதனால்தான் ஒரு நித்திரை முடிந்து எழும்பியதும் கை பெட்டியைத் தேடுகிறது. விட்டபிறகு இரண்டாம் மூன்றாம் நாள்தான் உச்சம்: எரிச்சல், தலையிடி, காரணமில்லாத கோபம். அதற்குப் பாமசியில் நிக்கோட்டின் சுவிங்கம் கேட்டுப் பாருங்கள், இல்லையென்றால் டொக்டரிடம் கேளுங்கள். எழும்பி அரை மணித்தியாலத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைக்கிற ஆள் என்றால் 4 மில்லிகிராம், இல்லையென்றால் 2. ஆனால் அதைச் சும்மா சுவிங்கம் மாதிரி மென்று தள்ளக்கூடாது. நான் அப்படித்தான் செய்து, விக்கலும் குமட்டலுமாக, 'இது சரிவராத சாமான்' என்று இரண்டாம் நாளே எறிந்தேன். மெதுவாக மென்று, மிளகு மாதிரி உறைத்ததும் நிறுத்திக் கன்னத்துக்குள் ஒதுக்கி வைக்கவேண்டும், உறைப்புப் போனதும் திரும்ப மெல்லவேண்டும். வாயில் இருக்கும்போது தேத்தண்ணி குடிக்கக்கூடாது, குடித்தால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது.

தேத்தண்ணி என்றதும் இன்னொன்று. நான் விட்ட முதல் கிழமை கை நடுங்கி, நெஞ்சு படபடத்து, இராவெல்லாம் விழித்துக் கிடந்தேன். எல்லாப் பழியையும் சிகரெட்டை விட்டதன் மேல்தான் போட்டேன். பிறகுதான் தெரியவந்தது, சிகரெட் புகை ஈரலைத் தூண்டி கஃபீனை வேகமாகக் கழிக்க வைக்கிறதாம். புகை நின்றால் அதே பிளேன்ரீ உடம்பில் கூட நேரம் தங்குகிறது. நான் அப்போது நாளைக்கு ஏழு குடிக்கிறவன்! பாதியாகக் குறையுங்கள், தேத்தண்ணிக் கடை வாங்கில் இருந்தாலே கை சிகரெட்டைத் தேடுகிற பிரச்சினையும் கொஞ்சம் குறையும்.

சரி, 23ஆம் நாள். அந்தளவுக்கு உடம்பில் ஒரு சொட்டு நிக்கோட்டினும் இல்லை. உங்களை விழுத்தியது வெற்றிலைத் தட்டத்தில் அடுக்கி வைத்திருந்த சிகரெட்டும், இரா முழுக்க விழித்திருந்த அலுப்பும், 'ஒண்டு எடுங்கோ' என்று நீட்டின கையும்தான். இதற்குச் சுவிங்கம் மட்டும் போதாது. என்ன சொல்லி மறுப்பது என்று முன்னமே வாயில் ஒரு பதில் இருக்கவேண்டும். 'விட்டுப் பார்க்கிறன்' என்று மட்டும் சொல்லாதீர்கள், அடுத்த நிமிடமே 'ஒண்டுக்கு ஒண்டும் செய்யாது' என்று பதில் வரும். அதே மாதிரிக் கோணேசர் கோயிலுக்கு ஹயர் போனால் ஆட்கள் கும்பிட்டு வரும்வரை ஒரு மணித்தியாலம் காத்திருப்பீர்களே, அந்த ஒரு மணித்தியாலத்தில் எத்தனை போகும் என்று எண்ணியிருக்கிறீர்களா? ஓட்டோவுக்குள் இருக்காதீர்கள், இறங்கிக் கோட்டைக்குள் மான் நிற்கிற பக்கம் ஒரு நடை போங்கள். ஆசை கிளம்பினால் சில நிமிடத்தில் தானாகத் தணியும், அவ்வளவு நேரம் கை வெறுமையாக இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அதற்காக வெற்றிலைக்கு மாறிவிடாதீர்கள். நம்ம ஊரில் சிகரெட்டை விட்டேன் என்று பெருமையாகச் சொல்கிற பாதிப் பேரின் கொடுப்புக்குள் புகையிலை இருக்கும். அதிலும் அதே நிக்கோட்டின்தான், வாய்ப்புற்றுநோய் வேறு. புகையிலை இல்லாமல் போட்டாலும் பாக்கே புற்றுநோய் தரக்கூடியது.

ஒரேயடியாகவா குறைத்தா என்று கேட்டீர்கள். 2016இல் ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் சுமார் 700 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். இரண்டு பகுதிக்கும் நிக்கோட்டின் மருந்தும் ஆலோசனையும் கொடுத்தார்கள். நான்கு கிழமை கழித்து, ஒரேயடியாக விட்டவர்களில் 49 வீதம் பேர் விட்டபடி இருந்தார்கள், குறைத்து விட்டவர்களில் 39 வீதம். குறைக்கிறவர் மிச்சமிருக்கிற ஒவ்வொன்றையும் ஆழமாக இழுப்பார், அதை என்னிலேயே பார்த்தேன். ஆகவே ஒரு நாளைக் குறியுங்கள், அதற்கு முந்தின நாள் இரவே பெட்டி, லைட்டர் எல்லாவற்றையும் ஓட்டோவிலிருந்து எடுத்துவிடுங்கள்.

நாளைக் குறிக்க முதல் ஒரு வேலை. அடுத்த செத்த வீட்டில் தட்டத்தை நீட்டும்போது நீங்கள் சொல்லப்போகிற வசனத்தை எழுதி எனக்கு அனுப்புங்கள். மனைவிக்கும் ஒருதரம் வாசித்துக் காட்டுங்கள், அவ சிரித்தால் வேறொன்று எழுதுங்கள்.