மனமுவந்து தொண்டு செய்ய உங்களைத் தூண்டிய மிஷனரி யார்? அவருடைய விடாமுயற்சியில் எது உங்களைக் கவர்ந்தது?

வில்லியம் கேரி. அவர் புதிதாகத் தொடங்கிய பணிகளைக் காட்டிலும், தீயில் அழிந்தவற்றை மறுபடியும் எழுத உட்கார்ந்ததே என்னை அதிகம் பாதித்தது.

இங்கிலாந்தில் செருப்புத் தைத்துப் பிழைத்தவர் அவர். லத்தீனும் கிரேக்கமும் எபிரேயமும் பெரும்பாலும் தாமாகவே கற்றுக்கொண்டு, 1793 நவம்பரில் வங்காளம் வந்து சேர்ந்தார். வங்காளத்தின் மால்டா பக்கம் ஓர் அவுரித் தொழிற்சாலையை மேற்பார்வை செய்து வயிறு வளர்த்தபடியே வங்க மொழி படித்தார். மறு ஆண்டே ஐந்து வயது மகன் பீட்டர் இறந்தான். கிருஷ்ண பால் என்ற தச்சர் 1800 டிசம்பரில் ஞானஸ்நானம் பெறும் வரை, ஏழாண்டு உழைப்புக்குக் கணக்குக் காட்ட வங்காளிகளில் ஒருவர்கூட மதம் மாறியிருக்கவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி மிஷனரிகளை விரும்பாததால், டேனியர் ஆட்சியில் இருந்த செராம்பூரில் சக மிஷனரிகளான மார்ஷ்மனுடனும் வார்டுடனும் சேர்ந்து அச்சகம் நடத்தினார். 1801இல் வங்க மொழிப் புதிய ஏற்பாடு வெளிவந்தது. பஞ்சானன் கர்மகார் போன்ற எழுத்து வெட்டும் கைவினைஞர்களும் பண்டிதர்களும் இல்லாமல் அந்த அச்சகம் நடந்திருக்காது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். கேரியைப் புகழ்வோர் அவர்களை எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

1812 மார்ச் 11 மாலை அந்த அச்சகம் தீப்பற்றியது. கேரி அப்போது கல்கத்தாவில் இருந்தார். மறுநாள் மார்ஷ்மன் நேரில் போய்ச் செய்தி சொன்னார். பல மொழிகளின் சொற்களை ஒருங்கே தொகுத்துக் கேரி எழுதிவந்த அகராதியின் கையெழுத்துப் படிகள், தெலுங்கு, பஞ்சாபி இலக்கணங்கள், இராமாயண மொழிபெயர்ப்பின் பகுதிகள், இங்கிலாந்திலிருந்து வந்திருந்த காகிதக் கட்டுகள், பல மொழிகளின் அச்செழுத்துகள் எல்லாம் போயின. அச்சு இயந்திரங்களும் எழுத்து வார்ப்பதற்கான எஃகு அச்சுகளும் தப்பின. சாம்பலில் உருகிக் கிடந்த ஈயத்தை அள்ளியெடுத்துச் சில வாரங்களிலேயே மறுபடியும் எழுத்து வார்க்கத் தொடங்கினார்கள். கேரியும் எழுத உட்கார்ந்தார். வந்த வழியிலேயே இரண்டாம் முறை நடப்பது வேதனைதான், ஆனாலும் முதல் முறையைவிட எளிதாகவும் நிச்சயமாகவும் நடக்கலாம் என்ற கருத்தில் அவர் ஒரு கடிதத்தில் எழுதினார்.

இது என்னை ஏன் தொட்டது என்றால், பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடநூல்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து தரும் சிறு குழு ஒன்றில் நானும் இருக்கிறேன். 2018இல் தமிழ்நாட்டில் புதிய பாடநூல்கள் வரத் தொடங்கியபோது, நாங்கள் பதிவு செய்து வைத்திருந்தவற்றில் பெரும்பகுதி பயனற்றுப் போயிற்று. சிலர் விலகினார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. எனக்கும் விலகிவிடத் தோன்றிய அந்த நாட்களில்தான் செராம்பூர்த் தீயைப் பற்றிப் படித்தேன். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் அகராதி வேலையை மறுபடியும் கையில் எடுத்ததைப் படித்த பிறகு, வேதியியல் நூலை முதல் பாடத்திலிருந்து மீண்டும் வாசிப்பதைப் பெரிய துன்பமாகச் சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் கேரியை முழு முன்மாதிரியாக ஏற்க என்னால் இயலவில்லை. அவருடைய மனைவி டோரதி இந்தியா வர முதலில் மறுத்தவர். பிறந்து சில வாரங்களே ஆன குழந்தையோடு, தங்கை உடன்வந்தால் வருகிறேன் என்று கடைசி நேரத்தில் இசைந்தவர். பீட்டரின் மரணத்திற்குப் பிறகு அவருடைய மனநிலை சிதைந்தது. 1807இல் இறக்கும் வரை அவர் தேறவேயில்லை. கேரி மனமுவந்து ஏற்ற பணியின் விலையை, மனமில்லாமல் வந்த ஒருவர் செலுத்தினார். கேரியின் உழைப்பை இது பொய்யாக்கிவிடாது. ஆயினும் அந்த உழைப்பைப் பற்றிப் பேசும் இடத்தில் டோரதியை ஒதுக்கிவிடுவது நேர்மையாகாது.

ஆகவே, எங்கள் குழுவில் சேர விரும்புகிறவர்களிடம் நான் உச்சரிப்பைச் சோதிப்பதற்கு முன்பே, வாரத்தில் எந்த நேரத்தைத் தரப்போகிறீர்கள், அந்த நேரத்தில் வீட்டு வேலையை யார் பார்ப்பார்கள், அவரிடம் கேட்டீர்களா என்று விசாரிக்கிறேன். கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனவர்களில் சிலர் திரும்பி வரவில்லை. வந்தவர்கள் பெரும்பாலும் நிலைத்திருக்கிறார்கள்.