சிக்கலானவை எப்படி உருவாகின்றன? – கேள்வி பதில்

பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான், வீடு மதுரையில். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (திருமங்கலம், கல்லூரி மாணவர்): சார், உலகம் பொருள்களால் ஆனதல்ல, நிகழ்ச்சிகளால் ஆனது என்கிறார்களே, வெறும் வார்த்தை ஜாலமா?

பதில்: இல்லை தம்பி. ஏ.வி. பாலத்தில் நின்று வைகையைப் பாருங்கள். நேற்று ஓடிய தண்ணீர் இன்று இல்லை. கோடையில் தண்ணீரே இல்லை. ஆனாலும் வைகை என்றுதான் சொல்கிறோம். வருசநாட்டு மலையின் மழை, மணல், கரை, அணைத் திறப்பு எல்லாம் சேர்ந்து நடப்பதற்கு வைத்த பெயர் அது. கணித அறிஞர் ஆல்ஃபிரட் நார்த் ஒயிட்ஹெட் 1920களில் உலகம் முழுவதையுமே இப்படிப் பார்த்தார். அவருக்கு நிகழ்ச்சிதான் அடிப்படை. ஒவ்வொன்றும் தனக்கு முந்தியவற்றை உள்வாங்கிக்கொண்டே பிறக்கிறது.

கேள்வி (மேலூர்): எல்லாம் குலைந்துகொண்டே போகும் என்பதுதானே வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி? அப்புறம் மரம், மனிதன் எல்லாம் எப்படி வந்தன?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. மொத்தக் குலைவு குறையாது என்பது வெளியோடு தொடர்பே இல்லாத அமைப்புக்குத்தான். பூமி அப்படியில்லை. சூரியனிடமிருந்து ஓர் ஒளித்துகளை வாங்கி, சராசரியாக 20 அகச்சிவப்புத் துகள்களாக வெளியே விடுகிறது. குலைவு விண்வெளிக்குப் போகிறது; அந்த ஓட்டத்தின் நடுவே இங்கே ஒழுங்குக்கு இடம் கிடைக்கிறது. வகுப்பில் தட்டைச் சட்டியில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி, அலுமினியத் தூள் தூவி, அடியில் சீராகச் சூடு காட்டுவேன். சற்று நேரத்தில் தேனடை மாதிரிக் கட்டங்கள் தோன்றும். எந்த மூலக்கூறுக்கும் அந்த வடிவம் தெரியாது. பக்கத்திலிருப்பதோடு ஏறி இறங்குவதில்தான் அது உருவாகிறது. அடுப்பை அணைத்தால் போய்விடும். இத்தகைய அமைப்புகளை விளக்கியதற்காகத்தான் இலியா பிரிகோஜினுக்கு 1977இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

கேள்வி (செல்லூர்): இட்லி மாவு பொங்குவதும் இதில் சேருமா?

பதில்: சேரும் அம்மா. நுண்ணுயிர்கள் வாயுவை விடுகின்றன, உளுந்தின் வழவழப்பு அதைப் பிடித்து வைக்கிறது. தனி அரிசி மாவு அப்படி உப்பாது. பொங்குவது அரிசியின் குணமும் அல்ல, உளுந்தின் குணமும் அல்ல, சேர்க்கையின் குணம். நம் செல்களுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவும் ஒரு காலத்தில் தனியாகத் திரிந்த பாக்டீரியாதான். இன்னொரு செல்லுக்குள் புகுந்து அங்கேயே தங்கிவிட்டது. உயிரியலாளர் லின் மார்குலிஸ் 1967இல் இதை வாதிட்டபோது பலர் ஏற்கவில்லை. இன்று பாடநூலில் இருக்கிறது.

கேள்வி (உசிலம்பட்டி): அப்படியானால் எல்லாமே மேலும் மேலும் சிக்கலான அமைப்பை நோக்கித்தான் போகிறதா?

பதில்: இல்லை. நாடாப்புழு தன் குடலையே இழந்துவிட்டது. பாக்டீரியாக்கள் இன்னும் ஒற்றைச் செல்லாகவே செழிக்கின்றன.

கேள்வி (அழகர்கோவில் பக்கம், விவசாயி): எங்கள் அத்திக்காயை நறுக்கினால் உள்ளே குட்டிக் குளவிகள். மருந்து அடிக்கலாமா ஐயா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். அத்தியின் பூ காய்க்குள்ளேதான் இருக்கிறது; அந்தக் குளவி நுழைந்தால்தான் மகரந்தம் சேரும். குளவிக்கும் முட்டையிட வேறு இடம் கிடையாது. இரண்டும் 6 கோடி ஆண்டுகளுக்கு மேலாக ஒன்றையொன்று மாற்றிக்கொண்டே வந்திருக்கின்றன. மருந்து அடித்தால் மரம் நிற்கும், ஆனால் விதை பிடிக்காது.