கேள்வி-பதில்: 777 கொடுத்தும் ஃபைல் ஏறவில்லையே?

கேள்வி: எங்கள் அச்சகத்தில் உபுண்டு கம்ப்யூட்டரில் விஎஸ்எஃப்டிபிடி (ஃபைல் அனுப்ப, வாங்க உதவும் எஃப்டிபி சர்வர் மென்பொருள்) போட்டு, டிசைன் ஃபைல் அனுப்ப வாடிக்கையாளர்களுக்கு ஆளுக்கொரு ஃபோல்டர் கொடுத்திருக்கிறோம். லாகின் ஆனது, ஆனால் ஃபைல் ஏற்றினால் '550 பெர்மிஷன் டினைட்' என்றது. ஃபோல்டருக்கு 777 (யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம் என்ற அனுமதி) கொடுத்தேன். இப்போது லாகினே ஆகாமல் '500 ஊப்ஸ்' வருகிறது.

பதில்: முதலில் அந்த 777-ஐ எடுத்துவிடுங்கள். 550 வந்தபோது ஃபோல்டர் மேல் தவறே இல்லை. எழுத விடாதே என்று சர்வரின் செட்டிங்கே சொல்லிக்கொண்டிருந்தது. புதிதாகப் போட்டதும் அப்படித்தான் இருக்கும். ஈடிசி ஃபோல்டரில் உள்ள விஎஸ்எஃப்டிபிடி.கான்ஃப் ஃபைலைத் திறந்து, 'ரைட்_எனேபிள்=யெஸ்' வரிக்கு முன்னால் இருக்கும் # குறியை அழியுங்கள். சமக்குறிக்கு இரு பக்கமும் இடைவெளி கூடாது. விட்டால் சர்வர் கிளம்பாது. பிறகு சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

500 உங்கள் 777-ஆல் வந்தது. பயனரை அவர் ஃபோல்டருக்குள்ளேயே பூட்டிவைக்கும் 'குரூட்' வசதியை இயக்கியிருக்கிறீர்கள். அந்தப் பூட்டிய ஃபோல்டரிலேயே அவர் எழுத முடிந்தால் அது பாதுகாப்பு ஓட்டை என்று 2.3.5 பதிப்பிலிருந்து விஎஸ்எஃப்டிபிடி உள்ளே விடுவதில்லை. 'அலவ்_ரைட்டபிள்_குரூட்=யெஸ்' போட்டால் போதும் என்று பலர் சொல்வார்கள். வேலை நடக்கும், ஆனால் வெளியாட்கள் வந்துபோகும் சர்வரில் அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

சரியான வழி இது: மேல் ஃபோல்டருக்கு உரிமையாளர் ரூட் (கம்ப்யூட்டரின் நிர்வாகக் கணக்கு), அனுமதி 755 (உரிமையாளர் மட்டும் எழுதலாம், மற்றவர்கள் படிக்கலாம்). அதற்குள் 'வரவு' என்று ஒரு ஃபோல்டர். உரிமையாளர் அந்த வாடிக்கையாளர், அனுமதி 755. ஃபைலை 'வரவு'க்குள்தான் போட வேண்டும் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். வெளியே போட்டால் 553 வரும். ஃபோல்டர் அனுமதி தடுக்கிறது என்பதற்கு அந்த எண்தான் அடையாளம். இணையம் வழியாக வருகிறார்கள் என்றால் தகவலை மறைத்து அனுப்பும் எஸ்எஸ்எல்லையும் இயக்குங்கள். இல்லாவிட்டால் பாஸ்வேர்டு மறைப்பே இல்லாமல் போகும்.

கேள்வி: வாடிக்கையாளர் ஏற்றிய ஃபைலை எங்கள் டிசைனர் திறக்க முடியவில்லை. ஏன்?

பதில்: புதிய ஃபைலுக்கு எந்த அனுமதிகளை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லும் எண்தான் யுமாஸ்க். விஎஸ்எஃப்டிபிடியில் அது 077 என்பதே இயல்பு. அதனால் ஏறும் ஃபைல் 600 ஆகிறது. ஏற்றியவர் மட்டுமே படிக்கலாம். 'லோக்கல்_யுமாஸ்க்=022' போடுங்கள், 644 ஆகும், மற்றவர்களும் படிக்கலாம். முதல் பூஜ்யத்தை விட்டுவிடாதீர்கள், விட்டால் 22 என்ற சாதாரண எண்ணாக எடுத்துக்கொள்ளும். ஏற்கெனவே ஏறிய ஃபைல்கள் தானாக மாறாது: அவற்றுக்கு 644, வாடிக்கையாளர் உள்ளே உருவாக்கிய ஃபோல்டர்களுக்கு 755 என்று ஒருமுறை கையால் கொடுத்துவிடுங்கள்.